எத்தனை கைகளில்?

இணையப் போக்கர் மேசையில் எதிராளியின் பெயருக்குக் கீழே 24, 19, 7, 100 என்று எண்கள் வரிசையாக நிற்பதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். எதிரே இருப்பவர் இதுவரை எப்படி ஆடினார் என்பதை ஒரு மென்பொருள் எண்ணி, விழுக்காடாக்கி, ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே அவருடைய இருக்கையின் மேல் காட்டுகிறது. ஆட்டக்காரர்கள் இதை 'ஹட்' என்கிறார்கள். அந்த எண்களை நம்பிப் பணம் வைக்கும் இளைஞர்கள் மலேசியாவிலுள்ள எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டிலும் இருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு, இதைப் பற்றி விரிவாக எழுதியே ஆகவேண்டும் என்று முடிவு செய்தேன். எண்களை நம்புவதில் எனக்கு மறுப்பே கிடையாது. எந்த எண்ணை, எப்போது, எவ்வளவு நம்பலாம் என்பதில்தான் என் பேச்சு.

நான் போக்கர் ஆடுவதில்லை. ரப்பர் தோட்டத்து அலுவலகத்தில் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவன். என் தங்கை மகன் பிரிட்டனில் கணினித் துறையில் வேலை பார்க்கிறான்; அங்கே உரிமம் பெற்ற தளங்களில் சிறு தொகைக்கு ஆடுகிறான். தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது தன் ஆட்டப் பதிவுகளையெல்லாம் மடிக்கணினியில் கொண்டுவருவான். இங்கே ஆட மாட்டான், ஆடியதை அலசுவான். இரவுச் சாப்பாடு முடிந்ததும் அவனோடு உட்கார்ந்து அவற்றைப் புரட்டுவது எனக்குப் பெரிய விருப்பமாகிவிட்டது. "மாமா, இத்தனை கேள்விகளை என்னோடு ஆடுகிறவர்களே கேட்டதில்லை" என்பான். கணக்குப் புத்தகத்தோடு வாழ்ந்தவனுக்கு ஓர் எண்ணைப் பார்த்தால் அது எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் இருக்க முடியாது.

அது எங்கிருந்து வருகிறது என்பதையே முதலில் சொல்கிறேன். சீட்டு வழங்குவதில் தொடங்கி, பணம் ஒருவரிடம் போய்ச் சேரும் வரை நடப்பது ஒரு 'கை'. ஒவ்வொரு கை முடிந்ததும் பல தளங்கள் அதன் முழு விவரத்தையும் ஆட்டக்காரரின் கணினியில் ஓர் எழுத்துக் கோப்பாகச் சேமிக்கின்றன. யார் எந்த இருக்கையில் இருந்தார், யார் ரெய்ஸ் செய்தார் (பந்தயத்தை ஏற்றினார்), யார் ஃபோல்ட் செய்தார் (சீட்டை மடித்து விலகினார்), எவ்வளவு பணம் போனது என எல்லாம் அதில் இருக்கும். மென்பொருள் அந்தக் கோப்பைப் படித்துத் தரவுத்தளத்தில் போட்டு, ஒவ்வொருவருக்கும் கணக்கைத் திருத்திக்கொண்டே போகும். போக்கர் டிராக்கர் என்ற மென்பொருள் 2001-இல் வந்தது. ஹோல்டம் மேனேஜர் அதற்குச் சில ஆண்டுகள் கழித்து வந்தது. இடையில் 2003-இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற அமெரிக்கக் கணக்காளர் இணையத்தில் ஒரு சிறு போட்டியில் வென்று, அதன் வழியாக உலகப் போக்கர் தொடருக்கு நுழைவு பெற்று, 25 லட்சம் டாலர் முதல் பரிசையும் வென்றார். அதன் பிறகு இணைய மேசைகளில் கூட்டம் பெருகியது. ஒருவரே ஒரே நேரத்தில் நான்கு, எட்டு மேசைகளில் ஆடத் தொடங்கினார். முகமும் இல்லை, குரலும் இல்லை, மேசைக்கு மேசை ஆட்களும் வேறு. நினைவில் வைத்துக்கொள்ள முடியாததை மென்பொருள் நினைவில் வைத்துக்கொண்டது.

எண்களில் முதன்மையானவை இரண்டு. முதலாவது வி.பி.ஐ.பி. கட்டாயமாக வைக்கவேண்டிய பிளைண்ட் தொகையை விட்டுவிட்டு, தானாக விரும்பிப் பணம் போட்டு ஒருவர் எத்தனை விழுக்காடு கைகளில் கலந்துகொள்கிறார் என்பதை அது சொல்கிறது. இரண்டாவது பி.எஃப்.ஆர். மேசை நடுவில் எல்லோருக்கும் பொதுவான பொதுச்சீட்டுகள் விரியும் முன்பே அவர் எத்தனை விழுக்காடு கைகளில் ரெய்ஸ் செய்கிறார் என்பது அது. ஆறு பேர் மேசையில் 22, 18 என்று இருந்தால் அவர் தேர்ந்தெடுத்து நுழைகிறவர், நுழைந்தால் பெரும்பாலும் ரெய்ஸோடு நுழைகிறவர். 45, 8 என்றால் கையில் எது வந்தாலும் பார்த்துவிட ஆசைப்படுகிறவர், ஆனால் தானாக விலையை ஏற்றாதவர். அப்படிப்பட்டவர் திடீரென்று ரெய்ஸ் செய்தால் ஒதுங்கிவிடுவது நல்லது. 12, 10 என்றால் பெரிய சீட்டுகளுக்காகக் காத்திருப்பவர். இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரம் ஓர் ஆளின் சுபாவத்தையே காட்டுகிறது என்பான் தங்கை மகன். நானும் பார்த்துவிட்டேன், உண்மைதான். ஒன்றுக்கொன்று நெருங்கியிருந்தால் தானே விலையை ஏற்றும் மனிதர். விலகியிருந்தால் பிறர் ஏற்றிய விலைக்குப் பின்னால் போகிறவர்.

ஆனால் இந்த விளக்கமெல்லாம் மேசையில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்தது. ஒன்பது பேர் மேசையில் 22, 18 என்பவர் மற்றவர்களைவிடத் தாராளமாக ஆடுபவர். இருவர் மட்டும் ஆடும் மேசையில் அதே எண் கொண்டவர் பயந்தாங்கொள்ளி. ஆறு பேர், ஒன்பது பேர், இருவர் என்று எல்லாக் கைகளையும் ஒன்றாகக் கூட்டிக் காட்டினால் வருவது எந்த மேசைக்கும் பொருந்தாத ஓர் எண். நல்ல மென்பொருள்களில் இதைப் பிரித்துக் காட்டும் வசதி இருக்கிறது. பலர் அதைத் தொடுவதே இல்லை.

இனி என் மனத்தைக் குடையும் விஷயத்துக்கு வருகிறேன்.

திரையில் 25 என்று ஓர் எண் தெரிகிறது. இருபது கைகளில் ஐந்து முறை நுழைந்தவருக்கும் 25. ஆயிரம் கைகளில் இருநூற்றைம்பது முறை நுழைந்தவருக்கும் 25. எழுத்தின் அளவு ஒன்று, நிறம் ஒன்று, இடம் ஒன்று. ஆனால் இருபது கைகளில் கிடைத்த 25-க்குப் பின்னால் இருக்கும் உண்மையான பழக்கம், புள்ளியியல் வழக்கப்படி 95 விழுக்காடு உறுதியோடு சொல்வதானால், ஏறத்தாழ 11 முதல் 47 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். அதாவது அவர் மிகக் கஞ்சத்தனமாக ஆடுபவராகவும் இருக்கலாம், கண்டதற்கெல்லாம் காசு போடுபவராகவும் இருக்கலாம். ஆயிரம் கைகளில் கிடைத்த 25 என்றால் அந்த வீச்சு ஏறத்தாழ 22 முதல் 28 வரை சுருங்கிவிடுகிறது. முதல் எண் ஒன்றுமே சொல்லவில்லை, இரண்டாவது எண் ஓர் ஆளையே சொல்கிறது. இரண்டும் திரையில் ஒன்றுபோலவே மின்னுகின்றன. இது எனக்குக் கோபம் வரவழைக்கும் விஷயம். எண்ணிக்கையைச் சொல்லாமல் விழுக்காட்டை மட்டும் காட்டுவது பாதிக் கணக்கு.

தோட்டத்தில் செக்ரோல் என்ற ஆட்கணக்கை எழுதியவர்களுக்கு இது புரியும். ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனவர் மதியம் கொண்டுவரும் பால் ஒரு நாள் குறைந்திருந்தால், அவர் சோம்பேறி என்று எந்தக் கிராணியும் எழுதிவிட மாட்டான். விடியற்காலையில் மழை பிடித்திருக்கும். அவருக்குக் கிடைத்த நிரை, அதாவது மர வரிசை, மலைச்சரிவில் இருக்கும், பக்கத்து ஆளின் நிரை சமவெளியில் இருக்கும். இலையுதிர் காலத்தில் எல்லோருக்குமே குறையும். பாலைத் தொட்டியில் ஊற்றும் முன் மெட்ரோலாக் கருவியை விட்டுப் பார்ப்பதும் அதனால்தான். நிறுவையில் பத்து கிலோ என்று வந்தால் அதில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று தெரியவேண்டும். ஒரு மாதக் கணக்கு, அதுவும் எந்த நிரை, எத்தனை மழை நாள் என்ற குறிப்போடு கூடிய கணக்கு இருந்தால்தான் ஆளைப் பற்றிப் பேச முடியும். போக்கர் திரையில் அந்த நிரையின் இடத்தில் இருப்பது இருக்கை வரிசை.

இருக்கை வரிசை என்று நான் சொல்வது, யார் முதலில் முடிவெடுக்கவேண்டும், யார் கடைசியில் என்பதை. முதலில் பேசவேண்டியவருக்குப் பின்னால் ஐந்து பேர் காத்திருப்பார்கள். அவர் நல்ல சீட்டு இல்லாமல் நுழைய மாட்டார். 'பட்டன்' என்ற இடத்தில் இருப்பவர் ஃப்ளாப்புக்கு, அதாவது முதல் மூன்று பொதுச்சீட்டுகள் விரிந்ததற்கு, பிறகு எப்போதும் கடைசியில் பேசுவார். அவர் தாராளமாக நுழையலாம். மொத்தத்தில் 22 என்று தெரிகிற ஒருவர் முதல் இடத்தில் 13 ஆகவும் பட்டனில் 45 ஆகவும் இருக்கக்கூடும். முதல் இடத்திலிருந்து அவர் ரெய்ஸ் செய்யும்போது 22-ஐப் பார்த்து நீங்கள் எதிர்த்துப் போனால் 13-இன் கையில் மாட்டிக்கொள்வீர்கள். பட்டனிலிருந்து அவர் ரெய்ஸ் செய்யும்போது அதே 22-ஐப் பார்த்து ஒதுங்கினால் 45-க்குப் பயந்து ஓடியவராவீர்கள். சராசரி இரண்டு பக்கமும் பொய் சொல்கிறது. இடவாரியாகப் பிரித்துப் பார்க்கலாமே என்றால் பிரிக்கப் பிரிக்க எண்ணிக்கை சுருங்குகிறது. அறுநூறு கைகள் இருந்தால் ஆறு இடங்களுக்கும் தலா நூறுதான். பொருத்தமான எண் வேண்டுமென்றால் எண்ணிக்கை போகிறது, எண்ணிக்கை வேண்டுமென்றால் பொருத்தம் போகிறது. இந்த இழுபறியில்தான் ஆட்டக்காரரின் அறிவு தெரியும். மென்பொருள் இதற்கு விடை தராது.

அரிதாக நடப்பவற்றின் எண்கள் இன்னும் ஆபத்தானவை. ஒருவர் ரெய்ஸ் செய்கிறார், அவர் மேல் இன்னொருவர் மீண்டும் ஏற்றுகிறார். இதை 'த்ரீ-பெட்' என்பார்கள். அப்போது முதலாமவர் எத்தனை விழுக்காடு பின்வாங்குகிறார் என்று ஓர் எண் உண்டு. நூறு கைகள் பார்த்தாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் அவர் ரெய்ஸ் செய்தது பதினெட்டு முறை. அந்தப் பதினெட்டில் பிறர் அவர் மேல் ஏற்றியது மூன்று முறை. மூன்று முறையும் பின்வாங்கினார். திரை 100 என்று காட்டுகிறது. "இவர் மேல் ஏற்றினால் எப்போதும் ஓடிவிடுவார்" என்று படிக்கத் தோன்றும். உண்மையில் அவர் 55 விழுக்காடுதான் பின்வாங்குகிறவர் என்றாலும், மூன்று முறை தொடர்ந்து பின்வாங்குவது ஆறில் ஒரு பங்கு நிகழக்கூடியதுதான். 0.55-ஐ மூன்று முறை பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ 0.17 வரும். நூறு கைகள் என்பது நுழைவுப் பழக்கத்தைப் பற்றி ஓரளவு பேசப் போதும்; இந்த எண்ணுக்கு அது வெறும் மூன்று. ஒரே ஆளைப் பற்றி ஒரே நேரத்தில் திரையில் இருக்கும் பத்து எண்களுக்கும் பத்து வேறு எண்ணிக்கைகள் பின்னால் நிற்கின்றன. ரிவர் என்ற கடைசிப் பொதுச்சீட்டு விழுந்த பிறகு நடப்பவற்றைப் பற்றிய எண்களை நம்ப ஆயிரக்கணக்கில் கைகள் வேண்டும்.

எண்ணிக்கை போதுமான அளவுக்கு வந்துவிட்டால் இந்த எண்கள் எவ்வளவு அழகாகப் பேசுகின்றன என்பதையும் சொல்லவேண்டும். ஒருவர் கையில் மறைவாகக் கிடைக்கும் இரண்டு சீட்டுகள் சேரக்கூடிய விதங்கள் மொத்தம் 1,326. ஏஸ் ஜோடி ஆறு விதம், கிங் ஜோடி ஆறு, குயீன் ஜோடி ஆறு, ஏஸ்-கிங் பதினாறு. கூட்டினால் 34, அது 1,326-இல் ஏறத்தாழ 2.6 விழுக்காடு. ஆயிரக்கணக்கான கைகளில் ஒருவருடைய த்ரீ-பெட் 3 விழுக்காட்டைத் தாண்டவில்லை என்றால், அவர் மறுபடி ஏற்றும்போது கையில் அனேகமாக இவையும் மிஞ்சினால் ஜாக் ஜோடியும்தான் இருக்கும் என்று காகிதத்தில் எழுதிவிடலாம். உங்களிடம் பத்துகளின் ஜோடி இருந்தாலும் பேசாமல் மடித்துவிடலாம். முதன்முறை இந்தக் கணக்கைத் தங்கை மகன் போட்டுக் காட்டியபோது நான் மலைத்துப்போனேன். முகமே தெரியாத ஒரு மனிதரின் சீட்டை அவருடைய பழக்கம் காட்டிக்கொடுக்கிறது.

ஆனாலும் ஒன்றை மறக்கக் கூடாது. மென்பொருள் எண்ணுவது செயல்களை, சீட்டுகளை அல்ல. மடித்த சீட்டை யாரும் பார்ப்பதில்லை. ஃப்ளாப் பார்த்த கைகளில் கடைசிவரை போய்ச் சீட்டைக் காட்டுவது பலருக்கும் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டாது. நாம் பார்க்கக் கிடைப்பவை, ஒருவர் கடைசிவரை விடாமல் பிடித்துவந்த கைகள் மட்டுமே. அவற்றை வைத்து "இவர் பொய்யாக ஏற்றுவதே இல்லை" என்று குறிப்பெழுதி வைப்பவர்கள் உண்டு. பொய்யாக ஏற்றி எல்லோரையும் விரட்டிய கைகள் காட்டப்படாமலே போய்விட்டன என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. 'ஆக்கிரமிப்புக் காரணி' என்று ஒன்று உண்டு. பந்தயங்களையும் ரெய்ஸ்களையும் கூட்டி, கால் செய்தவற்றால் (பிறர் வைத்த தொகைக்கு ஈடாக மட்டும் பணம் போட்டவற்றால்) வகுப்பது அது. ஆறு முறை பந்தயம் வைத்து இரண்டு முறை கால் செய்தவருக்கும் 3, அறுபது முறை பந்தயம் வைத்து இருபது முறை கால் செய்தவருக்கும் 3. மடித்தவை கணக்கிலேயே வராததால், வாய்ப்புக் கிடைத்த போதெல்லாம் ஓடிவிட்டு எப்போதாவது பந்தயம் வைப்பவரும் வீரராகத் தெரிவார். மடித்தவற்றையும் கீழே சேர்த்து வகுக்கும் எண் ஒன்று மென்பொருளிலேயே இருக்கிறது. இரண்டில் எதை வைத்துக்கொள்வது என்று கேட்டால் யோசிக்காமல் அதைத்தான் சொல்வேன்.

எங்கள் ஊரில் எண் என்றால் நாலு நம்பர் என்ற நான்கு இலக்க லாட்டரிதான். கனவில் பாம்பு வந்தால் ஒரு நம்பர், விபத்தில் சிக்கிய காரின் பலகையில் ஒரு நம்பர், இறந்தவரின் வீட்டு எண் ஒரு நம்பர். போன மாதங்களில் விழுந்தவற்றை நோட்டில் எழுதி, எது வெகுநாளாக விழவில்லையோ அதை எடுப்பவர்களும் உண்டு. குலுக்கலில் ஒவ்வொரு முறையும் 10,000 எண்களில் 23 எண்களுக்குப் பரிசு. ஒரு வெள்ளிக்கு, அதாவது ஒரு ரிங்கிட்டுக்கு, 'பெரியது' என்ற வகையில் எடுத்தால் முதல் பரிசு 2,500, இரண்டாவது 1,000, மூன்றாவது 500, பத்து சிறப்புப் பரிசுகள் தலா 180, பத்து ஆறுதல் பரிசுகள் தலா 60. எல்லாவற்றையும் கூட்டினால் 6,400. பத்தாயிரத்தால் வகுத்தால் வைக்கும் ஒவ்வொரு வெள்ளிக்கும் சராசரியாகத் திரும்பி வருவது 64 சென். எந்த எண்ணை எடுத்தாலும் 64 சென். பழைய முடிவுகளை எழுதிவைத்த நோட்டு எத்தனை தடித்திருந்தாலும் 64 சென். குலுக்கும் பந்துக்கு நேற்று என்ன விழுந்தது என்று தெரியாது.

மனிதன் அப்படியில்லை. நேற்றுப் பயந்தவன் இன்றும் பயப்படுவான், நேற்று ஆசைப்பட்டவன் இன்றும் ஆசைப்படுவான். அதனால்தான் எதிராளியைப் பற்றிய எண்ணுக்குப் பொருள் இருக்கிறது. ஆனால் அந்தப் பொருள் போதுமான முறை பார்த்த பிறகே வருகிறது. மூன்று முறை பார்த்ததை 100 என்று படிக்கிறவர், பந்துக்குப் பழக்கம் உண்டென்று நம்பி நோட்டு எழுதுகிறவரோடு போய் நின்றுவிடுகிறார். கையில் மடிக்கணினி இருப்பதும் மென்பொருளுக்குக் காசு கொடுத்திருப்பதும் அவரை அங்கிருந்து நகர்த்தாது.

இதை எழுதத் தூண்டியவர் ஓர் இளைஞர். தொழிற்சாலையில் வேலை. ஒட்டுக்கடையில் பசியாறும்போது அடிக்கடி பார்ப்பேன். கைப்பேசிச் செயலியில் யாரோ ஒரு முகவர் வழியாகக் காசு போட்டு ஆடுகிறார் என்று பேச்சுவாக்கில் தெரியவந்தது. "கிராணி ஐயா, இதைப் பாருங்கள், எதிராளி எப்படி ஆடுவான் என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது" என்று திரையை நீட்டினார். பெயர்களுக்கு அருகில் விழுக்காடுகள் இருந்தன.

"எத்தனை கைகளில் எடுத்த கணக்கு, தம்பி?" என்று கேட்டேன்.

"இன்று சாயங்காலம் உட்கார்ந்ததிலிருந்து, ஐயா."

நிதானமான, உழைக்கிற பிள்ளை. அவருக்கு யாரும் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. அன்று காகிதத்தில் இருபது கைக் கணக்கைப் போட்டுக் காட்டினேன், கவனமாகக் கேட்டார். மலேசியாவில் 1953-ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்ட விடுதிகள் சட்டம், அதே ஆண்டின் பந்தயச் சட்டம் என்ற இரண்டும் நடப்பில் இருப்பதையும், முகவர் நாளை காசோடு மறைந்துவிட்டால் எந்த வாசலிலும் போய் நிற்க முடியாது என்பதையும் சொன்னேன். உரிமம் இல்லாத ஒரு செயலி காட்டும் எண்களை யார் சரிபார்ப்பது? சீட்டுகள் நேர்மையாகக் கலைக்கப்படுகின்றனவா என்பதே தெரியாத இடத்தில் எதிராளியின் விழுக்காட்டைத் தெரிந்துகொண்டு என்ன செய்வது? இந்த எண்காட்டிகளை 'வெற்றிக்கு உத்தரவாதம்' என்று விற்பவர்கள் மேல் எனக்கு வருத்தம் அதிகம். வாங்குகிறவர்கள் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்குகிறார்கள்.

தளங்களே இதைப் பற்றி ஒருமனதாக இல்லை. போக்கர் ஸ்டார்ஸ் ஹட் பயன்படுத்த அனுமதிக்கிறது. ஆனால் தான் ஆடாத கைகளை மொத்தமாகத் திரட்டுவதையும் பிறரோடு பகிர்வதையும் தடை செய்திருக்கிறது. பார்ட்டி போக்கர் 2019-இல் ஹட்டுக்கு வழியில்லாமல் செய்து, பழைய பதிவுகள் பயன்படாதபடி ஆட்டக்காரர்களைப் புதுப்பெயர் வைக்கச் சொன்னது. ஜி.ஜி.போக்கர் வெளி மென்பொருளைத் தடுத்துவிட்டு, தானே தயாரித்த ஒன்றை எல்லோருக்கும் தருகிறது. போவாடா மேசைகளில் பெயர்களே கிடையாது. ஃபில் கால்ஃபாண்ட் என்ற புகழ்பெற்ற ஆட்டக்காரர் 2019-இல் தொடங்கிய ரன் இட் ஒன்ஸ் தளமும் ஆட்டக்காரர்களுக்கு மேசைக்கு மேசை வேறு பெயர் தந்தது. அது 2022-இல் மூடப்பட்டது.

இதில் எனக்கும் தங்கை மகனுக்கும் கருத்து வேற்றுமை உண்டு. "எதிராளியும் இதே மென்பொருளை வாங்கலாமே, மாமா. விதி எல்லோருக்கும் ஒன்றுதானே?" என்கிறான். விதி ஒன்றுதான். ஆனால் வேலை முடிந்து பத்து பவுண்டு எடுத்துக்கொண்டு பொழுதுபோக்க வந்து உட்காரும் ஒருவருக்கு, தன்னைப் பற்றி ஐந்து பேர் கணக்கு எழுதிக்கொண்டிருப்பது தெரியாது. அவருடைய பலவீனம் எட்டு மேசைகளில் ஒரே நேரத்தில் பதிவாகிறது. எதிராளியைக் கவனிப்பது சீட்டாட்டத்தின் உயிர், அதை நான் குறை சொல்லவில்லை. கண்ணால் கவனிப்பவன் களைத்துப்போவான், மறப்பான், இயந்திரம் மறக்காது. ஆகவே காட்டுவதென்றால் எல்லோருக்கும் ஒரே எண்களைக் காட்டவேண்டும் என்பது என் கட்சி.

ஆனால் ஒன்றில் அவனோடு முழுமையாக நிற்கிறேன். தான் ஆடிய கைகளின் பதிவைத் தானே வைத்துக்கொள்ளும் உரிமையை எந்தத் தளமும் பறிக்கக் கூடாது. ஏன் என்று கேட்பவர்களுக்கு அல்டிமேட் பெட் தளத்தில் நடந்ததைச் சொல்வேன். அங்கே சில கணக்குகள், பிறருடைய மறைசீட்டுகளைப் பார்த்துக்கொண்டே ஆடின. அதை முதலில் கண்டுபிடித்தது தளமும் அல்ல, அதற்கு உரிமம் கொடுத்த ஆணையமும் அல்ல. தோற்றுக்கொண்டிருந்த ஆட்டக்காரர்கள் தங்கள் டிராக்கர் பதிவுகளை ஒன்றுசேர்த்தார்கள். சந்தேகத்துக்குரிய கணக்கு எவ்வளவு தாராளமாக நுழைகிறது, எவ்வளவு வெல்கிறது என்று கணக்கிட்டு, ஆயிரக்கணக்கான சாதாரண ஆட்டக்காரர்களோடு ஒரே வரைபடத்தில் புள்ளிகளாக வைத்தார்கள். எல்லாப் புள்ளிகளும் ஒரு கூட்டமாக இருந்தன. அந்த ஒரு புள்ளி மட்டும் யாருமே எட்ட முடியாத உயரத்தில் தனியாக நின்றது. அதிர்ஷ்டத்தால் அங்கே போகவே முடியாது. 2008-இல் மோசடி நடந்ததைத் தளம் ஒப்புக்கொண்டது. அதற்கு முந்தைய ஆண்டு அப்சொல்யூட் போக்கர் தளத்தில் வெளிவந்த மோசடியும் இப்படித்தான். ஓர் ஆட்டக்காரர் கேட்டுப் பெற்ற போட்டிப் பதிவில் எல்லோருடைய மறைசீட்டுகளும் இருந்தன. அவற்றை ஒவ்வொரு கையாகப் படித்தவர்கள் உண்மையைப் பிடித்தார்கள். கணக்கைக் கையில் வைத்திருந்தவர்களுக்குத்தான் முதலாளியைக் கேள்வி கேட்க முடிந்தது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எவருக்கும் இதன் அருமையை நான் விளக்கவேண்டியதில்லை.

எதிராளியைவிடத் தன்னைப் பார்க்கவே இந்த மென்பொருள் அதிகம் பயன்படவேண்டும் என்பது என் எண்ணம். எதிராளியைப் பற்றி நூறு கைகள் கிடைப்பதே பெரிது. தன்னைப் பற்றி ஒவ்வொரு கையும் கிடைக்கிறது, மடித்த சீட்டுகளோடு சேர்த்து. தங்கை மகன் பெரிய பிளைண்ட் இடத்தில், அதாவது இரண்டு கட்டாயத் தொகைகளில் பெரியதை வைக்கும் இடத்தில், நட்டப்படுகிறான். எல்லோரும் அங்கே நட்டப்படத்தான் செய்வார்கள், பார்க்காமலே பணம் வைக்கும் இடம் அது. ஒவ்வொரு முறையும் மடித்துவிட்டால் நூறு கைகளுக்கு நூறு பெரிய பிளைண்ட் போகும். திறமை என்பது அதை எவ்வளவு குறைப்பது என்பதில் இருக்கிறது. எந்த இடத்திலிருந்து ரெய்ஸ் வந்தபோது அவன் மடித்தான், எப்போது தேவையில்லாமல் போய் விழுந்தான் என்று பிரித்துப் பார்த்ததில் எனக்கே போக்கரின் பாதி புரிந்தது.

வெற்றி விகிதத்துக்கும் இதே கேள்விதான். "நூறு கைகளுக்கு ஐந்து பெரிய பிளைண்ட் வெல்கிறேன்" என்று ஒருவர் சொன்னால் அது நல்ல விகிதம். ஆனால் ஆறு பேர் மேசையில் நூறு கைகளுக்கான ஏற்ற இறக்கம், புள்ளியியல் மொழியில் திட்ட விலக்கம், ஏறத்தாழ நூறு பெரிய பிளைண்ட் வரை இருக்கும். பத்தாயிரம் கைகள் என்பது நூறு நூறாக நூறு தொகுதிகள். பிழை நூறை நூறின் வர்க்கமூலத்தால் வகுத்தது, அதாவது பத்து. ஐந்து என்ற வெற்றிக்குப் பிழை மட்டுமே பத்து! பத்தாயிரம் கைகள் ஆடி வென்றவர் உண்மையில் தோற்கிறவராகவும் இருக்கலாம். ஒரு லட்சம் கைகள் ஆடினாலும் பிழை மூன்றுக்குக் கீழே இறங்காது. இதற்கு மேல், பல தளங்களில் ஒவ்வொரு கையிலும் சேரும் பந்தயப் பணத்திலிருந்து ஐந்து விழுக்காடு வரை தளம் எடுத்துக்கொள்கிறது. போன மாதம் வென்றதை வைத்து வேலையை விட்டுவிடலாமா என்று யோசிக்கும் பிள்ளைகள் இந்தப் பத்தியை மட்டுமாவது இரண்டு முறை படிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சென்ற தீபாவளி விடுமுறையில் இருவருமாகச் சேர்ந்து அவன் திரையைத் திருத்தினோம். ஒவ்வொருவர் பெயருக்கும் பதினான்கு எண்கள் வைத்திருந்தான். வி.பி.ஐ.பி., பி.எஃப்.ஆர்., த்ரீ-பெட், அதற்குப் பின்வாங்கும் விழுக்காடு என்று நான்கை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை எடுத்தான். தேவைப்பட்டால் சொடுக்கிப் பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் முன்னால், சற்றுப் பெரிய எழுத்தில், கைகளின் எண்ணிக்கை. பின்வாங்கும் விழுக்காட்டுக்கு அருகே அது எத்தனை வாய்ப்புகளில் எடுத்தது என்பதும் தனியாகத் தெரிகிறது. இருபது வாய்ப்புகளுக்குக் குறைவாக இருந்தால் அந்த எண் சாம்பல் நிறத்தில் மங்கி நிற்கும்படி அமைத்திருக்கிறான். முதல் வாரம் திரை பெரும்பாலும் சாம்பலாகவே இருந்தது என்று அங்கே போனதும் தகவல் அனுப்பினான். அடுத்த முறை வரும்போது பெரிய பிளைண்ட் கைகளை, எதிராளி எந்த இருக்கையிலிருந்து ரெய்ஸ் செய்தார் என்ற வரிசைப்படி பிரித்துக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.